மேசைக்கடியில் ஒரு ஜோடி ஷூ

டீச்சரம்மா,

பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கும்போதே ரப்பர் வாடை வந்துவிட்டது. உள்ளே என் பேத்தி மாரியின் கறுப்பு ஷூ. ஏழு வருடம் ஆகியும் அடி தேயவில்லை. இடது ஷூவுக்குள் சுருட்டி அடைத்திருந்த தாளைப் பிரித்தேன். உங்கள் கல்லூரித் தாள். வேதியியல் ஆய்வகத்துக்கு வரும் முதலாண்டு மாணவிகள் கடைப்பிடிக்க வேண்டியவை என்று தலைப்பு. கீழே வரிசையாகப் பதினான்கு விதிகள். கடைசியில், 'மேற்கண்டவற்றைப் படித்து அறிந்துகொண்டேன்' என்ற வரிக்கு அடியில் என் கையெழுத்து, கோழி கிளறிய மாதிரி.

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது, அது உங்களுக்கே தெரியும். யார் எந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட மறந்தார்கள் என்பது வரை ஞாபகம் இருக்கும். உங்களை நான் முதன்முதலில் பார்த்த நாளும் அப்படித்தான்.

மாரி கல்லூரியில் சேர்ந்த ஆனி மாதம் அது. மகளும் மருமகனும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் மாரியை வளர்த்தவள் நான். பெற்றோர் கூட்டம் என்று சொல்லி எங்களை ஆய்வகத்திலேயே உட்கார வைத்தீர்கள். மஞ்சள் நூல்சேலை கட்டியிருந்தீர்கள். கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்க விட்டிருந்தீர்கள்.

"அம்மாமார் நல்லாக் கேட்டுக்கோங்க. இது அடுப்படி இல்ல. இங்க எதையும் மோந்து பாக்கக் கூடாது, நாக்குல வச்சுப் பாக்கக் கூடாது. முடியப் பின்னிக் கொண்டை போடணும். துப்பட்டாவ ஊக்கு குத்திட்டு வரணும். காலு முழுசா மூடுன ஷூ வேணும், செருப்பு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே போனீர்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, முப்பது வருசமா மருந்துக்குள்ளேயே கெடக்கோம். எங்களுக்கா பாடம் எடுக்கீக?" என்று கேட்டேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

"அப்ப உங்க பேத்திக்குப் பாதிப் பாடம் தெரிஞ்சிருக்கும். மீதிய நான் பாத்துக்கிடுதேன், பாட்டி."

பாட்டி! எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. உங்களுக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் குறைவாக இருக்கும். தலைக்கு டை வேறு அடித்திருந்தீர்கள். அந்த ஒரு சொல்லை வீடு வரை மென்றுகொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் இந்தத் தாளை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். மூன்றாவது விதியை இரண்டு தடவை வாசித்தேன். பாதம் முழுவதும் மூடிய காலணி அணிந்தே வேலை செய்ய வேண்டும் என்று இருந்தது. எங்கள் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலிலேயே கழற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே ரப்பர் விரிப்பில் மிதிப்போம். ஒரு தடவை ஒருத்தி அவசரத்தில் செருப்போடு நுழைந்துவிட்டாள். அடியில் ஒட்டியிருந்த கல் தரையில் உரசிப் பொறி பறந்தது. பிறகு அவளை அவள் வீட்டாருக்கு அடையாளம் காட்டியது நான்தான். கிடைத்தது சேலைத் துண்டு ஒன்றுதான்.

அதனால் மாரியைக் கூப்பிட்டேன். "மத்த பதிமூணையும் கேளு. இந்த மூணாவத மட்டும் கேக்காத. டீச்சர் பாக்கும்போது போட்டுக்கோ, மருந்தத் தொடும்போது கழட்டிரு" என்றேன்.

"டீச்சர் திட்டுவாங்க அம்மாச்சி. அங்க இருக்கது வெடிமருந்து இல்ல, ஆசிட்டு."

"திட்டுனா காதுதான் வலிக்கும், உசுரு போயிராது. உங்க டீச்சர் எந்த ரூம்புல ஒக்காந்து மருந்து அடச்சா? இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம் பண்ணுடி."

அவள் பண்ணினாள். அதற்கப்புறம்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

பயத்தில்தான் சொன்னேன், அது உண்மை. ஆனால் பயம் மட்டும் இல்லை டீச்சரம்மா. பாட்டி என்றீர்களே, அதுவும் அதில் இருந்தது.

ஆடி முடியும் நேரம் கம்பெனி ஆபீசுக்குப் போன் வந்தது. தீபாவளி சீசன், தலைக்கு மேல் வேலை. போட்டது போட்டபடி பஸ் ஏறினேன். நான் வருவதற்குள் மாரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வலது காலில் கட்டுப் போட்டுக் கல்லூரிக்கே திரும்பக் கொண்டு வந்திருந்தீர்கள். பக்கத்தில் நின்ற பிள்ளையின் கை தட்டி ஆசிட் சரிந்து இவள் பாதத்தில் விழுந்ததாம். உங்கள் சேலை முழங்கால் வரைக்கும் நனைந்து கிடந்தது. விரல் நுனிகள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. எவ்வளவு நேரம் அவள் காலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்திருந்தால் ஒரு கை அப்படி ஊறியிருக்கும்? அதை அன்றே பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

மாரியின் பையை எடுக்க ஆய்வகத்துக்குள் போனேன். அவள் நின்ற மேசைக்கு அடியில் ஷூ இருந்தது. இரண்டும் சேர்த்து வைத்து, முன்பக்கம் வாசலைப் பார்த்து, சாக்ஸ் சுருட்டி உள்ளே. ஓடுகிற நேரம் வந்தால் தட்டுப்படாமல் காலை விட வேண்டும் என்று நாங்கள் கம்பெனி வாசலில் அப்படித்தான் வைப்போம். அவளுக்கு அப்படி வைக்கக் கற்றுக் கொடுத்ததும் நான்தான்.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் பிரின்சிபால் அறைக்குப் போய்க் கத்தினேன்.

"புள்ளைய நம்பி விட்டா பொசுக்கி அனுப்புவீகளோ? கால்ல ஷூ கெடக்கா இல்லையான்னு பாக்கத் துப்பில்ல, ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் வேல?"

வராந்தாவில் பிள்ளைகள் கூடி நின்று பார்த்தார்கள். பிரின்சிபால் அம்மா என்னை உட்காரச் சொன்னார். "வீட்டுல யாராச்சும் ஷூவக் கழட்டச் சொன்னீங்களா? கேட்டா உங்க பேத்தி வாயத் திறக்க மாட்டேங்குறா."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். "எழுதப் படிக்கத் தெரியாத சனம்மா நாங்க. எங்களுக்கு என்ன தெரியும்?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு, "நான் கவனிச்சிருக்கணும் மேடம். தப்பு எம்மேலதான்" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

ஆய்வகத்தை உங்களிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் நீங்கள் கல்லூரியை விட்டே போய், சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். கம்பெனியில் சோற்றுச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்த டீச்சரம்மாவத் தூக்கிட்டாகள்ல!" என்று நாலு பேரிடம் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் மாரியை அந்தப் படிப்பே வேண்டாம் என்று வணிகவியலுக்கு மாற்றினேன். படிப்பைத் தொடர்ந்தால் அவள் ஷூ போட வேண்டும். போடுவதென்றால் நான் அந்தச் சத்தியத்தைத் திருப்பி எடுக்க வேண்டும். எடுத்தால் வாங்கியவள் யார் என்று வெளியே வந்துவிடும். அதை மறைக்கத்தான் மாற்றினேன். மாரி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இன்று அச்சகம் ஒன்றில் பில் போடுகிறாள்.

நாலு வருடம் கழித்துச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது, டை அடிப்பதை விட்டிருந்தீர்கள். நீங்களாகவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தீர்கள்.

"நல்லா இருக்கீகளா? மாரி கால் எப்படி இருக்கு?"

"எதுக்குக் கேக்கீக? இன்னொரு காலையும் பொசுக்கவா?"

சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது கோவில்பட்டி பஸ். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். உங்கள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இல்லை.

போன மாதம் நீங்கள் இறந்த செய்தி வந்ததும் மாரி அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு அடக்கத்துக்குப் போனாள். திரும்பி வந்தவள் முகம் வீங்கியிருந்தது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒங்கால எரிச்சவளுக்கு இம்புட்டு அழுகையா?" என்றேன்.

மாரி என்னைப் பார்த்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் குரலை உயர்த்தினாள்.

"அவுகளுக்கு அன்னைக்கே தெரியும் அம்மாச்சி. ஷூவ ஏன் கழட்டுனன்னு கேட்டாக. கொழாயடியில வச்சே, நீ சத்தியம் வாங்குனதச் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'யார்ட்டயும் சொல்லாத. உங்க பாட்டி பயந்து போயி சொல்லிருக்காக. வெளிய தெரிஞ்சா அவுக மனசு ஒடஞ்சு போகும்'னாக."

அந்த அறையில் நான் தலைப்பை வாயில் வைத்துப் பொய் சொன்னபோது, அது பொய் என்று தெரிந்துகொண்டேதான் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்டபோதும் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறீர்கள். நான் இத்தனை வருடம் உங்கள் மேல் வைத்திருந்த வன்மத்துக்கு நீங்கள் ஒரு நாளும் பதில் வைக்கவில்லை. என்னைப் பாட்டி என்று கூப்பிட்டதைத் தவிர நீங்கள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. நாற்பது நாளாகச் சோறு இறங்கும்போதெல்லாம் உங்கள் ஊறிய விரல்கள் கண்ணுக்குள் வருகின்றன.

போன வெள்ளிக்கிழமை மாரியைக் கூட்டிக்கொண்டு இருக்கன்குடிக்குப் போய், ஆத்தா முன்னால் அந்தச் சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். யாருக்கும் அதில் இனிப் பயனில்லை. அந்தப் பிரின்சிபால் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்களாம். திங்கட்கிழமை இந்த ஷூவையும் தாளையும் எடுத்துக்கொண்டு போய், அதே அறையில் நின்று, எனக்கு வாசிக்கத் தெரியும் என்று சொல்லப் போகிறேன். உங்கள் வேலை திரும்பி வராது. இருந்தாலும் போவேன்.

இந்தத் தாளில் பதினான்காவது விதி ஒன்று இருக்கிறது. அன்று நான் மூன்றாவதோடு சண்டை போட்ட வேகத்தில் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. விபத்து எதுவானாலும், எவ்வளவு சிறியதானாலும், உடனே ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தெரிவிக்கிறேன் டீச்சரம்மா. ஷூவைக் கழற்றச் சொன்னது நான். மாரி கால் ஆறிவிட்டது. பாதத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு இருக்கிறது, மழைக்காலத்தில் அரிக்கிறது என்பாள். நன்றாக நடக்கிறாள். கேட்டீர்களே, அதற்குத்தான் சொல்கிறேன்.