வேன் கூரையும் மேல் படுக்கையும்

ஜூன் 4
வேன் கூரை ஒழுகுவதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். வீட்டில் வேறு பேச்சே இல்லை; அந்தப் பேச்சில் எனக்கு இடமும் இல்லை.

அப்பா ஓட்டுநராக இருந்த சுற்றுலா கம்பெனி கழித்துவிட்டபோது அவர் வாங்கிவந்த, உள்ளேயே படுத்துத் தூங்குகிற கேம்பர் வேன் அது. என்னைவிட வயதில் மூத்தது. கூரையைத் தூக்கினால் பக்கவாட்டில் கான்வாஸ் விரியும். மேலே ஒருவர் படுக்கலாம். விடுமுறையில் வாடகைக்குப் போகும். மற்ற நாட்களில் மேல் படுக்கை என்னுடையது. வீட்டுக்குள் என்றால் டிவி இருக்கிற இடத்தில்தான் என் படுக்கை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை அந்தக் கான்வாஸுக்குள் குப்புறப் படுத்துத்தான் வாங்கினேன். இப்போது வேலைத் தேர்வுக்கும் அங்கேதான் படிக்கிறேன்.

இன்று மழை. புத்தகத்தின் நடுவில் சொட்டு.

ஜூன் 9
அப்பா கூரை மேல் ஏறி விரிசல் முழுக்கப் பிசின் பூசினார். "இனிமே ஒரு சொட்டு இறங்கினா என் பேரை மாத்திக்கிறேன்."

ஜூன் 12
இறங்கியது. அண்ணன் அப்பாவுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறான்.

ஜூன் 20
கொட்டுகிற மழை. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்பா மீசையைத் தடவுகிறார். அண்ணன் விசிலடிக்கிறான். அம்மா தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள். ஒரே கூரைக்கு மூன்று பேரும் ஏன் இவ்வளவு பெருமைப்படுகிறார்கள்?

ஜூன் 23
விடை கிடைத்தது — என் நெஞ்சிலேயே!

படுத்தபடி பேனாவால் தலைக்கு மேலே சும்மா தட்டினேன். பலகை பொதபொதவென்று இருந்தது. பேனா உள்ளே போய்விட்டது. பதிலுக்கு என் மேல் கொட்டியது ஒரு குடம் பழுப்புத் தண்ணீர்.

விசாரித்ததில் தெரிந்தது: அப்பா வெளியே பூசியது போதாதென்று அண்ணன் யாரிடமும் சொல்லாமல் உள்பக்கம் பூசியிருக்கிறான். அம்மா அவள் பங்குக்கு ஓரத்திலிருந்த குட்டி ஓட்டைகளை மெழுகு உருக்கி அடைத்திருக்கிறாள். தண்ணீர் வடிவதற்கென்றே வைத்த ஓட்டைகள் அவை; இறங்கிய மழையெல்லாம் பலகைக்குள்ளேயே தேங்கிவிட்டது.

"ஓட்டைன்னா அடைக்கத்தானே செய்வாங்க?" என்கிறாள்.

அய்யோ, ஒரு வீட்லதானே இருக்கோம்! ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?

(நான் மட்டும் என்ன சொல்லிவிட்டேன்?)

ஜூன் 25
அண்ணன்: "டாப்பை வெட்டி எறிஞ்சுட்டு தகரத்தை வெச்சு வெல்டிங் அடிச்சிடலாம்ப்பா. தொல்லை விட்டுது."

"தூக்குற டாப் இல்லாம மேல எப்படிப் படுப்பாங்க?" என்றார் அப்பா.

"யாரு படுக்கப் போறா? கீழயே ரெண்டு பேர் படுக்கலாம்."

யாரு படுக்கப் போறா! எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீதான் படிச்ச பொண்ணாச்சே, நீ என்ன சொல்ற?" தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் இரண்டு பேரும் தகரம் எவ்வளவு கனம் என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். "வாயைத் திறந்தா முத்தா கொட்டிடும்? சொல்லேன்டி," என்றாள் அம்மா.

வாடகைக்குப் போகிற வண்டி. அதில் எனக்கென்று கேட்க எனக்கென்ன நியாயம்?

ஜூன் 26
தகரம்தானாம். முடிவாகிவிட்டது.

ஜூலை 2
பட்டறைக்கு நானும் போனேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வெட்டவேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டாயிற்று. பட்டறைக்காரர் கட்டரை ஓடவிட்டார். "அப்பா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அப்புறம் கத்தினேன். நான் கத்தி இதுவரை யாரும் கேட்டதில்லை. பட்டறைக்காரர் பதறிப்போய்க் கட்டரை நிறுத்திவிட்டார்.

அப்பா தோள் துண்டை எடுத்து அந்தக் கோட்டை அழித்தார். ஊறிப்போன பலகையை மட்டும் பெயர்த்துப் புதுசு போடுவதாக ஏற்பாடு. விரிசலுக்கு ஃபைபர் ஒட்டு. தண்ணீர் வடியும் ஓட்டைகள் இனி திறந்தே இருக்கும். "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று அண்ணன் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான்.

நான் கத்தியது இவ்வளவுதான்:

"வெட்டாதீங்கப்பா. அந்த மேல் படுக்கைதான் எனக்கு ரூம். அதை எனக்கு விட்டுடுங்க."