முதுகுப் பொத்தான்

காஜா பெராங், மலாக்கா
12.12.1957

சௌபாக்கியவதி ருக்மணிக்கு,

இங்கு நான் சுகம்தான். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டதால் மனம் ஒரு நிலையில் இல்லை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

மலாக்காவில் ஏது குளிர் என்பாய். அடைமழையில், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பத்து பெரெண்டாம் என்ற ஊரிலுள்ள ரப்பர் ஆலைக்குப் போனால் தெரியும். நெஞ்சில் காற்று அடிக்காமலிருக்க இங்கே கோட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வோம். எனக்கு முதுகில் பொத்தான் போட்டுவிட்டவன் அறைத்தோழன் தனபாலன். ஊரிலிருந்து மனைவி வந்ததும் அவன் செமாபோக்குக்குக் குடிபோய்விட்டான்.

திங்கட்கிழமை எனக்குக் கழுத்துப் பொத்தான் மட்டுமே எட்டியது. கோட்டு பறந்து பின்சக்கரத்தில் சிக்க, வண்டியோடு புல்லில் சாய்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். "என்ன அவசரம்ண்ணே, பெலான் பெலானா, மெதுவா போங்க" என்று விஷயம் கேட்டு தனபாலன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் விழுந்த அந்த வளைவு வந்தாலே இப்போது வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.

அம்மாவிடம் சொல்லாதே. கெட்டித் துணியில் ஒரு சட்டை தைத்து அனுப்பு. நாடா முதுகைச் சுற்றி முன்னால் வந்து முடியட்டும், ஒருவனாகவே கட்டிக்கொள்வேன்.

நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன். இன்று கோட்டை நேராகவே போட்டிருக்கிறேன். பொத்தான் எல்லாம் கைக்கு எட்டுகிறது, நெஞ்சுதான் குளிர்கிறது.

அண்ணாமலை