காலண்டரில் டிக் இல்லாத நாட்கள்

பாப்பாவுக்கு,

இன்று காலை டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேர். டாக்டர் மேசைக்குப் பின்னால், உன் சித்தி ஜன்னலோரம், நான் நோயாளி உட்காரும் ஸ்டூலில். அம்மா ஐ.சி.யு.வில். இன்னும் பேச்சு வரவில்லை.

தைராய்டு மாத்திரை இரண்டு மடங்கு உள்ளே போயிருக்கிறதாம். "இந்த வயசுல அந்த ஹார்மோன் கூடினா இதயம் தாறுமாறா துடிக்கும் சார். அதுல உறைஞ்ச ரத்தம்தான் மூளைக்குப் போயிருக்கு. மாத்திரை யார் குடுத்தது?" என்றார் டாக்டர். சித்தி முந்திக்கொண்டு, "அக்காவுக்கு மறதி, போட்டதையே மறுபடி போட்டிருப்பா" என்றாள். நான் அதை மறுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறதி இல்லை, பாப்பா. அம்மா விடியுமுன் எழுந்து தானே போட்டுக்கொள்வாள். போட்டதும் காலண்டரில் டிக் போட வேண்டும் என்பது நான் வைத்த சட்டம்; நான் எழுந்து பார்த்தால் டிக் இருக்காது. "போட்டாச்சுங்க" என்பாள். "டிக் எங்கே?" என்று இன்னொன்றை என் கண்முன்னால் விழுங்க வைப்பேன். ஆறு மாதம். கடைசியில் அவளே, "நான்தான் மறந்துட்டேன் போல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா தெளிவாத்தாம்பா இருக்காங்க" என்று நீ சொன்னதற்குத்தான் அன்று பேச்சின் பாதியில் போனை வைத்தேன்.

பிரிட்ஜில் சாதம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வா.

டாக்டரிடம் சொல்லத்தான் போகிறேன். எனக்கு வாய் வராவிட்டால் இதை நீ அவரிடம் கொடு.

அப்பா

பி.கு: அவள் எனக்குத் தெரியாமல் தனியாக வாங்கிய மாத்திரை பாட்டில் தையல் மெஷின் டிராயரில். டாக்டரிடம் காட்ட எடுத்து வா.

இன்னொன்று: இதைக் கவரில் போட்டு ஒட்டி, வீட்டுச் சாவியோடு எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுக்கிறேன். நானே திரும்பி வந்து கேட்டாலும் தர வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.