ஆடிக்கு முன் அந்தமான்

புதன், ஜூலை 9

காலையில் எழுந்து முதல் வேலை, பைகளை எடை போட்டது. கம்பெனி ஸ்டோரில் கேட்டு வாங்கி வந்த கொக்கித் தராசு. காலிபரேஷன் ஸ்டிக்கர் செப்டம்பர் வரை செல்லும். குவாலிட்டியில் பதினாறு வருடம். ஸ்டிக்கரைப் பார்க்காமல் எந்தத் தராசையும் நம்ப முடிவதில்லை.

என் பை 13.4 கிலோ. அமுதாவின் பை 14.9. பதினைந்தைத் தாண்டினால் விமானக்காரன் கூடுதல் காசு பிடுங்கிவிடுவான். திறந்து பார்த்தேன்: கெட்டில், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, ஊறுகாய், அவல் ஒரு கிலோ, கொடிக்கயிறு, துணியில் சுற்றிய முட்டை பன்னிரண்டு. துணிமணி நாலே செட்.

"முட்டை எதுக்குடி? அங்கே கோழி இல்லையா?"

"கோழி கீது அண்ணி. வெல இன்னான்னு தெரியாதே."

முட்டையை மட்டும் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அமுதா அவருடைய தங்கை. முப்பத்தொன்பது வயது. வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரகடத்தில் ஏசி பார்ட்ஸ் கம்பெனியில் லைன் லீடர். ஐந்து இரவு அந்தமான், நாங்கள் இருவர் மட்டும். அவருக்கு வேன் கான்ட்ராக்ட், லீவு போட முடியாது. அவள் வீட்டுக்காரருக்குக் கடல் ஒத்துக்காதாம். இரண்டு பேருக்கும் விமான டிக்கெட் அவர் போட்டது.

ஏன் போட்டார் என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் பார்ப்பதில்லை.

வடக்குப்பட்டில் நாற்பது சென்ட். மாமனார் பேரில் இருக்கிறது. மாமனாரும் இல்லை, மாமியாரும் இல்லை, வாரிசு அண்ணன் தங்கை இரண்டே பேர். குடோன் கட்ட ஒரு பார்ட்டி கேட்கிறது. அமுதா தன் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் முழுப் பணமும் எங்களுக்கு. இரண்டாவது வேன், மகள் ப்ரியாவின் காலேஜ் பீஸ், எல்லாம் அதில்தான். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். அதனால் திங்கள்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறார், பகல் பன்னிரண்டரை.

வேனில் பையை ஏற்றும்போது தாழ்ந்த குரலில் சொன்னார். "மனசு குளுந்து இருக்கசொல்ல பேச்செடு. பட்டா பேரு மாத்தறதுக்கு ஒரு கையெழுத்துன்னு சொல்லு, போதும். ஏர்போர்ட்லேர்ந்து நேரா பத்திர ஆபீஸ். பிளைட்டுக்கு ஆதார் எடுத்துக்கினுதான வருவா?"

"பட்டா இல்லையே, விடுதலைப் பத்திரமாச்சே."

"கல்யாணத்தப்பவே இருபது பவுன் போட்டாச்சி. அதான் அவ பங்கு. நீ கொழப்பாத."

பத்திரத்தின் நகல் என் கைப்பையின் உள்ஜிப்பில். நாலு தாள்.

(பிற்பகல், போர்ட் பிளேர்.) இறங்கும்போதே மழை. சீசன் இல்லாத மாதம், அதனால்தான் எல்லாம் பாதி விலை. அமுதா மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணன் டீக்கே சில்லற எண்ணிக் குடுக்கும். அது பிளைட்டுக்குக் காசு போட்டப்பவே மழ வரும்னு நெனச்சேன். பாரு." சிரித்தேன். அப்புறம் அவள் கேட்டாள், "உன்கிட்ட எதுனா வேல வாங்குதா அது?" ஆட்டோ வந்துவிட்டது. நானே முந்திப் பைகளை ஏற்றினேன்.

வியாழன், ஜூலை 10

நாலேமுக்காலுக்கே விடிந்துவிட்டது. கடிகாரம் ஊரில் உள்ள அதே நேரம்தான் காட்டுகிறது, சூரியன் மட்டும் வேறு ஷிப்ட். நேற்று சாயங்காலம் ஐந்தேமுக்காலுக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. எவ்வளவு தூரம் கிழக்கே வந்துவிட்டோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அரசாங்கப் படகில் நீல் தீவு. தனியார் படகு பல மடங்கு. அரசாங்கத்தில் ஏசி இல்லை, ஜன்னல் உண்டு. பறக்கும் மீன் பார்த்தேன், நிஜமாகவே பறக்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஒன்று ஆறு நொடி காற்றில் இருந்தது.

அமுதாவின் விதிகள் இதுவரை:
டிரைவர்கள் சாப்பிடும் இடத்தில்தான் சாப்பிடணும்.
படகுத்துறை வாசலில் இளநீர் வாங்கக்கூடாது. கொஞ்சம் உள்ளே நடக்கணும்.
"லாஸ்ட் ரேட் இன்னா" என்று கேட்கவே கூடாது. "நேத்து இன்னா ரேட்டு" என்று கேட்கணும்.
வாங்காவிட்டாலும் விலை கேட்கணும்.

கடைசி விதி எதற்கு என்றேன். "சும்மா. தெரிஞ்சிக்கறதுக்கு." உண்மையிலேயே கேட்கிறாள். தூண்டில், கயிறு, தகரக் கூரை, ஒரு கன்றுக்குட்டி. வாழ்க்கையில் வாங்கப்போவதில்லை. பதில் வந்ததும் முகத்தில் ஒரு திருப்தி.

அறை. கதவைத் திறந்ததும் இருவரும் நின்றுவிட்டோம். கட்டில் முழுக்கப் பூ. துண்டை மடித்து இரண்டு அன்னம், மூக்கோடு மூக்கு. மேசையில் சின்ன கேக், மேலே ஹேப்பி ஹனிமூன்.

"அண்ணி, வாத்து செஞ்சி வச்சிக்கிறான்!"

புக் செய்தது அவள்தான், போனில். கப்பிள் ஆபர் மற்றதைவிடக் குறைவு, ரெண்டு பேர்தானே என்று அதையே அழுத்திவிட்டாளாம். விடுதிக்காரர் வங்காளி, எழுபது இருக்கும். எல்லோரும் தாதா என்கிறார்கள், வங்காளியில் அண்ணன். கண் ஆபரேஷனுக்குச் சென்னையில் ஒரு மாதம் இருந்தவர், தமிழ் கொஞ்சம் வருகிறது. எங்களைப் பார்த்துத் திகைத்து, "ஹஸ்பெண்ட் எங்கே?" என்றார்.

"வேல செய்றாங்கோ தாதா. ஹனிமூன் எங்களுக்குத்தான்."

அவர் போன பிறகு கட்டிலில் விழுந்து சிரித்தோம். எனக்கு வயிறு வலித்தது. இருபத்தோரு வருடம் நாத்தனாராக இருப்பவள், இப்படிச் சிரிப்பாள் என்றே தெரியாது. கேக் பாதி வெட்டி மீதியை நாளைக் காலை டிபனுக்கு மூடி வைத்திருக்கிறாள். இப்போது பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள்.

மனசு குளிர்ந்துதான் இருக்கிறது. பேச்செடுக்கவில்லை.

வெள்ளி, ஜூலை 11

மழை விட்டு வெயில். காலை: கேக், கெட்டில் டீ. வாடகை சைக்கிள் ஒன்றுதான் எடுத்தோம். மேட்டில் நான் இறங்கிக்கொள்வது, இறக்கத்தில் அவள் என்னை ஏற்றிக்கொள்வது.

நேற்று பௌர்ணமி. அதனால் தண்ணீர் இன்று நிறைய உள்வாங்கும், நாலு மணிக்குப் போங்கள் என்றார் தாதா. நாளைக்கு என்றால் முக்கால் மணி தள்ளிப்போகுமாம். ஒரு நாள் போல ஒரு நாள் கடல் வருவதில்லை, ஆனால் எவ்வளவு தள்ளும் என்பது முன்கூட்டியே தெரியும். இப்படிக் கணக்காக நகரும் ஒன்றை ஏன் நிலையற்றது என்கிறோம்?

போனோம். நேற்று கடலாக இருந்த இடத்தில் பாறைத் தரை, இடையிடையே குட்டை. ஒரு கைடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு குட்டையாகக் காட்டிக்கொண்டிருந்தான். எங்களுக்குத் தனியாக வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று அமுதா தலையாட்டினாள். பிறகு என் காதில், "ஒட்டி நின்னா போதும் அண்ணி. காது நம்முதுதான?"

ஒட்டி நின்றோம். பார்த்தவை: கடல் அட்டை (கறுப்பு, முழங்கை நீளம்), நீல உதடுள்ள சிப்பி, கை விரித்த நட்சத்திர மீன், பாறை நிறத்துக்கே மாறிவிட்ட குட்டி ஆக்டோபஸ். அதை ஐந்து நிமிடம் பார்த்தேன். கண் மட்டும் மாறவில்லை. அது எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கைடுக்கு அமுதாவே ஐம்பது ரூபாய் கொடுத்தாள். "கேட்டதுக்குக் குடுக்கணும்ல."

திரும்பி வந்ததும் தாதாவிடம் ஆரம்பித்தாள். இங்கே நிலம் என்ன விலை? வெளியாள் வாங்க முடியாதும்மா, சட்டம். "வாங்கறதுக்கு இல்ல தாதா, தெரிஞ்சிக்கதான்." அவர் பிகா கணக்கில் ஏதோ சொன்னார். அவள் விரல் விட்டு சென்ட்டாக மாற்றிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நம்மூர்ல இப்போ சென்ட் இன்னா போவுது? அப்பா நெலம் கீதே, அந்தப் பக்கம். ரெண்டு லட்சம் போவுமா?"

புரோக்கர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்ன விலை அதைப்போல் நாலு மடங்கு. டீ போட்டுக் கொடுத்தது நான்.

"தெரியலையே" என்றேன்.

"உனக்கே தெரியலியா? சரி வுடு." கொடியில் துணி காயப் போடப் போய்விட்டாள்.

பதினாறு வருடத்தில் ஒரு ரிப்போர்ட்டில்கூட தப்பான ரீடிங் எழுதியதில்லை. சூப்பர்வைசர் சண்டை போட்டபோதும் எழுதவில்லை. இன்று எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

சனி, ஜூலை 12

காற்று. படகுத்துறையில் சிவப்புக் கொடி. இன்று எந்தப் படகும் இல்லை. இன்றைக்கே போர்ட் பிளேர் போய்விடுவதாக இருந்தோம். நாளையும் போகாவிட்டால் திங்கள் விமானம் போச்சு, டோக்கன் போச்சு, அப்புறம் ஆடி.

கொடியைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி. பயம்தானே வரவேண்டும்? கடலே முடிவு செய்துவிட்டால் நான் எதுவும் செய்யவேண்டாம் என்பதா? அப்படியென்றால் என்ன செய்வது என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறதா?

தாதாவிடம் இன்னொரு நாள் வாடகைப் பேச்சு.

அமுதா: "போட் போவலன்னா எங்க தப்பா தாதா?"
தாதா: "என் தப்பா?"
அமுதா: "பூ வாணாம், வாத்து வாணாம், கேக் வாணாம். அந்தக் காச கழிச்சிக்க."

கழித்தார். சிரித்துக்கொண்டே கழித்தார்.

மத்தியானம் தாழ்வாரத்தில் அவல். கடல் சாம்பல் நிறம். இவ்வளவு மிச்சம் பிடித்து என்னடி செய்கிறாய் என்று கேட்டேன். வெகு நாளாகக் கேட்க நினைத்தது.

"சம்பளம் பேங்க்ல வுழும். ஏடிஎம் கார்டு அவுரு கிட்ட. ஓவர்டைம் பாத்தா கையில குடுக்கற ஓட்டி காசு மட்டும் எவ்ளோன்னு அவுருக்குத் தெரியாது. மாசம் மாசம் மாறும்ல? அதுல நான் சொல்றதுதான் கணக்கு." புளிக்காய்ச்சல் பாட்டிலை வழித்தாள். "நான் செலவு பண்ணாத காசுதான் அண்ணி என் காசு. செலவு பண்ணிட்டா அவங்க வூட்டுக் காசு."

பாட்டிலை மூடிவிட்டு, "இந்த ட்ரிப்ல நான் போட்டது பூரா ஓட்டி. அதான் ஒவ்வொண்ணுக்கும் வெல கேக்கறேன். அல்பம்னு நெனச்சிக்காத."

நினைத்திருந்தேன். புதன்கிழமை வரை நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் எப்போதும் ஒரு நியாயம் சொல்வார்: பங்கு கொடுத்தாலும் அது மாப்பிள்ளை கைக்குத்தான் போகும், அவளுக்கா நிற்கப்போகிறது? நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், வசதியாக இருந்தது. மாப்பிள்ளை கைக்கே போகலாம். ஓட்டி காசை ஒளித்து வைக்கத் தெரிந்தவளுக்கு இதை வைத்துக்கொள்ளத் தெரியாது என்று நாங்கள் எப்படி முடிவு செய்தோம்?

அவர் நாலு தடவை கூப்பிட்டார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "போட் வுடுவானா மாட்டானா?" அது ஒன்றுதான் கேட்டது.

ஞாயிறு, ஜூலை 13

வானம் தெளிவு. கடல் தட்டு மாதிரி. படகு போய்விட்டது, நாங்களும் அதில்.

தாதா படகுத்துறை வரை வந்தார். ஒரு சின்னப் பூசணிக்காய் கொடுத்தார், அவர் தோட்டத்தது. அமுதா கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தாள், "ஒண்ணரை கிலோ, பேக் தாங்காது" என்றாள். பிறகு ஒரு சுடிதாரை எடுத்து மேலே போட்டுக்கொண்டு பூசணிக்கு இடம் செய்தாள்.

போர்ட் பிளேர் லாட்ஜ், பிற்பகல் மூன்று. அவள் கடைத்தெருவுக்கு விலை கேட்கப் போயிருக்கிறாள். அவர் போன்.

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லை."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சரி வுடு. நீ சொல்லவே வாணாம். அங்க நான் பேசிக்கறேன். ஏர்போர்ட்லேர்ந்து கூட்டிக்கினு வா, அது போதும். நீ பாட்டுக்குக் கம்முனு வா."

"சரி" என்றேன்.

கம்மென்று வந்தால் போதும். நான் பொய்கூடச் சொல்லவேண்டாம். வெள்ளிக்கிழமை சொன்ன ஒரு வார்த்தையே திங்கள்கிழமை வரை தாங்கும்.

ஜிப்பைத் திறந்து நகலை முதல்தடவையாக முழுக்கப் படித்தேன். "எவ்வித வற்புறுத்தலும் இன்றி, பூரண சம்மதத்துடன்." இரண்டாம் பக்கத்தில் அவள் பெயரை அமுதவல்லி என்று சரியாகத்தான் அடித்திருக்கிறார்கள். வயது மட்டும் தப்பு, முப்பத்தாறு.

வந்துவிட்டாள். ஒன்றும் வாங்கவில்லை. மழைக்கோட்டு விலை, முத்துமாலை விலை, லட்சத்தீவுக்குப் போன ஒருவரிடம் அங்கே அறை விலை, எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள்.

"அடுத்த வருசம் அங்க போலாம் அண்ணி. அண்ணன் காசு வாணாம். அது குடுத்தா நீ ஒரு மாரியா ஆயிடற. நம்ம காசுல போலாம்."

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். குளிக்கப் போயிருக்கிறாள். பாத்ரூமில் பக்கெட் சத்தம்.

இரண்டாவது வேன் வராமல் போகலாம். ப்ரியாவுக்கு லோன் போடவேண்டியிருக்கும். அவர் எத்தனை நாள் முகம் கொடுக்காமல் இருப்பார் என்று தெரியவில்லை. போன தடவை இருபது நாள், அது மிக்ஸிக்காக.

நாளைக் காலை விமானத்தில் போனை அணைக்கச் சொன்னதும் நகலை அவள் கையில் கொடுத்துவிடப்போகிறேன். புரோக்கர் சொன்ன விலையையும் சொல்வேன், வெள்ளிக்கிழமை தெரிந்தே தெரியாது என்றேன் என்பதையும். சென்னை போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அவர் கூப்பிட முடியாது, அவள் வீட்டுக்காரரும் கூப்பிட முடியாது. நாலு தாளும் படிக்கட்டும். இறங்கியதும் பத்திர ஆபீஸா, வாலாஜாபாத் பஸ்ஸா என்று அவள் சொல்லட்டும். எதுவானாலும் நான் அவளோடு போகிறேன்.