தெற்கு ஜன்னல் வெயில்

டிசம்பர் 2, திங்கள்

எங்கள் வீட்டு வெயிலை எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் பெயரையும் எழுதிவைக்கிறேன்: ஜவஹர், இரண்டாம் மாடி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

கார்கள் வெயிலில் காய்கின்றனவாம். தெற்குப் பக்கம் முழுவதும் தகரக் கூரை போட்டுவிட்டார். கூரையின் ஓரம் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. நாங்கள் தரைத்தளம். கார்த்திகை பிறந்தால் சூரியன் தெற்கே சாய்ந்து, காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் வரை அந்த ஜன்னல் வழியாகக் கட்டிலில் வெயில் விழும். மாசியோடு போய்விடும். மயிலாப்பூருக்குக் குடிவந்த இருபத்தாறு வருடமும் இதுதான் கணக்கு. இந்த வருடம் அந்த வெயிலை என் மனைவி மர்சலின் ஆகஸ்டிலிருந்தே எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் அடையாறு ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கடைசி கீமோ ஊசி முடிந்தது. நோய் இல்லை என்றார்கள். ரத்தம் ஊறும்வரை உடம்பு குளிரும் என்றும் சொன்னார்கள். குளிர்கிறது. இரண்டு சாக்ஸ் போட்டும் பாதத்தைத் தொட்டால் எனக்குச் சிலிர்க்கிறது.

டிசம்பர் 3

ஜவஹரிடம் நேரில் கேட்டேன்.

"அங்கிள், ஜெனரல் பாடில பாஸ் ஆன விஷயம் இது. நீங்க மீட்டிங்குக்கே வரல."

"நான் அப்ப ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"சென்னையில குளிருதுன்னு கம்ப்ளைன்ட் குடுக்கற முதல் ஆள் நீங்கதான். வெயிலுக்கு உங்ககிட்ட பட்டா இருக்கா அங்கிள்?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு எழுபத்துநாலு வயது.

டிசம்பர் 5

சங்கத்துக்கு மூன்று பக்கம் மனு எழுதிக் கொடுத்தேன். நகல் கவுன்சிலர் ஆபீசுக்கு. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் ஏ.சி. கம்பெனிகளின் கையேட்டை அகராதி வைத்துப் படித்துத் தொழில் கற்றவன். மனு எழுத எனக்கு யாரும் தேவையில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

நேற்று முழுக்க மழை. பதில் வரவில்லை, வராது. அவர்களை நம்பி உட்கார்ந்திருந்தால் மர்சலின் விறைத்துப்போவாள்.

முப்பத்தெட்டு வருடம் இந்த ஊருக்குக் குளிர் போட்டவன் நான். தேனாம்பேட்டை ஆபீஸ்கள், ஐஸ்கிரீம் கிடங்குகள். ஓர் அறைக்குள் வெளிக்காற்று ஒரு மூச்சுகூட வராமல் அடைப்பது எப்படி என்று தெரிந்தவன். ஜன்னல் சட்டம் நெடுக ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டினேன். அதன் மேல் அலுமினிய டேப். வென்டிலேட்டரில் தெர்மாகோல் வெட்டிச் செருகினேன். கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தேன். ஏணியில் ஏறி இறங்கி இடுப்பு போய்விட்டது.

முடித்ததும் மர்சலின் கேட்டாள். "என்னங்க, மத்தியானம் மட்டுமாவது ஜன்னலத் தொறந்து வைங்களேன்."

"காத்து வரும்."

"வரட்டுமே. வெளிய கொஞ்சம் சூடா இருக்கற மாதிரி தெரியுது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. படு."

டிசம்பர் 11

அறைக்குள் 24.6 டிகிரி. ஈரப்பதம் எண்பது.

இதைக் குளிர் என்றால் ஊரே சிரிக்கும். ஆனால் நான் பார்த்திருக்கிறேன். ஆபீஸ்களில் இருபத்துநாலில் வைத்துவிட்டு வருவேன். டைப் அடிக்கும் பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "அண்ணா, கொஞ்சம் கொறைச்சு வைங்கண்ணா" என்பார்கள். மேனேஜர் சொல்லாமல் தொடமாட்டேன் என்பேன். விதி விதிதான் என்று அப்போது பெருமை வேறு.

டிசம்பர் 13

ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை செய்தபோது கொடுத்த ஜாக்கெட்டைப் பரணிலிருந்து எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டேன். பாச்சா உருண்டை வாசனை. முழங்கால் வரை தொங்குகிறது. "நாப்பது வருஷம் டீச்சரா இருந்தேன், கடைசியில கரடியாக்கிட்டீங்க" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. நெடுநேரம் இருமினாள்.

டிசம்பர் 15

செய்தவை: மெத்தைக்கு அடியில் நான்கு மடிப்பு நியூஸ் பேப்பர், அதன் மேல் ஜமுக்காளம். தரையில் கோணிப்பை. காலையும் மாலையும் வாளியில் வெந்நீர் ஊற்றிப் பாதத்தை முக்கி வைப்பது. வெந்நீர்ப் பை வயிற்றின் மேல். பாதி நேரம் "இப்ப வேண்டாங்க" என்பாள். வைத்துவிடுவேன். சுக்குக் காப்பி குடித்தால் வாய்ப் புண் எரிகிறது என்பதால் அதை நிறுத்தியாகிவிட்டது.

ஜெசிகா நங்கநல்லூரிலிருந்து போன் செய்தாள். ஹீட்டர் அனுப்புகிறாளாம். ஏற்கெனவே வாய் வறண்டு கிடக்கிறவளுக்கு ஹீட்டரா? வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பெற்ற மகளிடம் இவ்வளவு வெடுக்கென்று பேசியிருக்க வேண்டாம்.

டிசம்பர் 18

24.2. இருமல். அசதியாக இருக்கிறது. அவளுக்கும் எனக்கும்.

டிசம்பர் 20

பீரோவுக்குப் பின்னால் சுவர் வியர்த்திருக்கிறது. கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. துடைத்துவிட்டு டேப்பை இன்னொரு சுற்று ஒட்டினேன். எங்கேயோ கசிவு இருக்கிறது.

டிசம்பர் 25, புதன்

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கிறிஸ்துமஸ் பூசைக்கு மர்சலின் வரவில்லை. நான் மட்டும் சாந்தோம் போய்விட்டு வந்தேன்.

பதினோரு மணிக்கு ஜெசிகா கேக்கோடு வந்தாள். படுக்கையறைக் கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, இது வீடா, ஃப்ரிட்ஜா? இன்னா ஸ்மெல்லு இது!"

"டெட்டால்."

"டெட்டால் இல்லப்பா. பூஞ்சை. அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீடு ரெண்டாவது மாடி, பகல் பூரா வெயில்."

"அவ வரமாட்டா" என்றேன்.

மர்சலின் ஜாக்கெட் ஜிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விரல் விறைத்திருந்ததால் அது லேசில் கழலவில்லை. நான் உதவப் போகவில்லை.

"கொஞ்ச நாள் போயிட்டு வரேங்க. களைப்பா இருக்கு."

குளிரால் வந்த களைப்பா, என்னால் வந்ததா? கேட்கவில்லை. ஜெசிகா என்னையும் கூப்பிட்டாள். ஜவஹர் விஷயம் முடியாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றேன்.

டிசம்பர் 26

ஜாக்கெட்டை மடித்து என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

இதை உள்ளபடி எழுத வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு ஜவஹர் கூரைக்கு அடியில் கார் கழுவிக்கொண்டிருந்தார். இன்று விடக்கூடாது என்று தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். தொழிலுக்கு நான் வைத்திருந்த டிஜிட்டல் கருவி, பொய் சொல்லாது. வாட்ச்மேன் ஷாஹுல் ஹமீதையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். பூந்தமல்லிப் பக்கத்து மனிதர், என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"பாருங்க. எங்க ரூம் இருபத்துநாலு புள்ளி ஒண்ணு. ஒரு பேஷன்ட் படுக்கற ரூம். இது உங்க கூரையால வந்தது."

ஜவஹர் குழாயை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஷாஹுல் ஹமீதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இன்னா சார், இது ஏறிக்கினே போவுது?"

இருபத்தைந்து. இருபத்தாறரை. கையில் பிடித்திருந்ததால் இருக்கும் என்று நினைத்து சுவர் மேல் வைத்தேன். இருபத்தெட்டு. மூன்று பேரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்தொன்பது புள்ளி ஆறில் நின்றது.

"வெளிய நல்லா கதகதன்னுதான் கீது சார்" என்றார் ஷாஹுல் ஹமீது. "தகரம் சுட்டுக்கினு அனலு எறங்குதுல்ல. நான் மத்தியானம் இங்கதான் சேர் போட்டுக் குந்துவேன். உங்க ரூம்லதான் குளிரு."

ஜவஹர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "ஆன்ட்டி எப்படி இருக்காங்க அங்கிள்?" என்று கேட்டார். சிரித்திருந்தால் தேவலை.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

குளிர் அறை கட்டுகிறவன் உள்ளே எவ்வளவு என்று மட்டும்தான் பார்ப்பான். வெளியிலிருந்து வருவதெல்லாம் அவனுக்கு எதிரி. மூன்று வாரம் ஒரு நாளைக்கு நான்கு தடவை உள்ளே அளந்தேன். வெளியே ஒரு தடவைகூட அளக்கவில்லை. ராத்திரி இறங்கிய குளிரைப் பகலெல்லாம் டேப் ஒட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். ஈரத்தையும் சேர்த்து. நான் கட்டியதிலேயே உருப்படியான கோல்டு ரூம் இதுதான். அதில் அவளைப் படுக்க வைத்திருந்தேன்.

அவள் சொன்னாளே. எட்டாம் தேதியே சொன்னாளே, வெளிய சூடா இருக்குன்னு. ஒண்ணும் தெரியாது, படுன்னுட்டேனே. யாருக்குடா ஒண்ணும் தெரியாது?

டிசம்பர் 30

டேப்பை உரித்தேன். பெயின்ட்டோடு வருகிறது. பசை போக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். விரல் நகத்தில் ரத்தம். மூன்று மணிக்கு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை உள்ளே வந்தது. திறந்த ஜன்னலின் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 3

பத்தரைக்குத் திறந்து நாலரைக்குச் சாத்துகிறேன். சாத்தும்போது 27.4. காலை ஆறு மணிக்கும் 26 இருக்கிறது. சுவர் காய்ந்துவிட்டது. புள்ளிகளை வினிகர் போட்டுத் துடைத்தேன். அவ்வளவுதான். இதற்கு மூன்று பக்கம் மனு.

வெயில் விழுந்திருந்தால் இருபத்தொன்பது வந்திருக்கும். அதை மறக்கவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

மெத்தையை வெயிலில் போட வேண்டும். தனியாக இழுத்தேன், வாசற்படியில் மாட்டிக்கொண்டது. ஷாஹுல் ஹமீது ஓடி வந்தார்.

"கூப்பிட்டா இன்னா சார்? வாயில கொயக்கட்டயா?"

இருவருமாகத் தூக்கிக் காம்பவுண்டுச் சுவர் மேல் போட்டோம். தட்டத் தட்டத் தூசி பறந்தது. "அம்மா எப்ப வர்றாங்க?" என்றார். தெரியாது என்றேன். அவர் மெத்தையைப் புரட்டிப் போட்டார்.

ஜனவரி 8

போன் செய்தேன்.

"ஜன்னலத் தொறந்துட்டேன்."

மேஜை மேலிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தேன்.

"இருபத்தேழு வருது."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

வேறு ஒரு வார்த்தை சொல்வதற்காகத்தான் போன் செய்தேன். வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

நங்கநல்லூர் போனேன். பால்கனி வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இருமல் இல்லை. பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. என் விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்து, "டேப்பு உரிச்சீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"இங்க நல்லாத்தான் இருக்கு. ஜெசிகா தங்கமா பாத்துக்கறா. இங்கயே இருந்துடலாமான்னுகூட நினைச்சேங்க."

அவள் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தேன்.

"ஒவ்வொண்ணுக்கும் உங்ககூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல. வியாதியோட கட்டினதே போதும்."

"நீ அன்னிக்கே சொன்ன. நான் கேட்கல."

இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவள் பாதத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. ஜெசிகா உள்ளே இட்லி ஊற்றுகிற சத்தம் கேட்டது.

ஜனவரி 17, வெள்ளி

நாளை மர்சலின் வீட்டுக்கு வருகிறாள். ஜவஹரிடம் நான் இறங்கிப் போய்விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் செய்தது தப்பு. தப்பாகவேதான் இருக்கிறது.

இனி ஆக வேண்டியவை:

கூரையில் எங்கள் ஜன்னலுக்கு நேரே இருக்கும் இரண்டு தகட்டைக் கழற்றிவிட்டு ஒளி புகுகிற தகடு போட வேண்டும். செய்ய வேண்டியவர் ஜவஹர். இரண்டாவது மனு நேற்றுக் கொடுத்தாகிவிட்டது, இந்த முறை அரைப் பக்கம்.

கார்கள் ஆபீசுக்குப் போனதும் ஜவஹரின் கார் நிற்கும் இடத்தில் மர்சலினுக்கு நாற்காலி போட வேண்டும். ஷாஹுல் ஹமீது போடுவார். அவருடைய நாற்காலி பக்கத்தில் இருக்கும்.

வாரம் ஒரு நாள் மெத்தையைக் காயப்போடுவது: அவரும் நானும்.

ஆஸ்பத்திரிச் செக்கப், மாத்திரைச் சீட்டு: ஜெசிகா. நான் குறுக்கே பேசக்கூடாது.

வெந்நீர் போடுவது நான். பை வேண்டுமா வேண்டாமா என்பது மர்சலின்.

ஜாக்கெட்டைப் பரணில் ஏற்றுவது நான். இன்றே.

ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதும் நான். எப்போது என்று சொல்ல வேண்டியவள் மர்சலின்.