உரிமையாளர் கட்டம் காலியாக இருந்த பூனை

அனுப்புநர்
ஜுசேலியா பார்செலோஸ், நகம் திருத்துபவர்,
எண் 14, பின்கட்டு, மாங்கெய்ரா சந்து,
வீலா லிமோயெய்ரு, ரியோ டி ஜெனிரோ மாநிலம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
விலங்கு நோய்த் தடுப்பு நிலையம், வீலா லிமோயெய்ரு.

பொருள்: பூஞ்சைப் புண் கண்ட பூனைக்கு மருந்தைத் தொடர்ந்து வழங்கவும், அதைப் பிடித்துச் செல்லக் கோரிய புகாரை முடித்து வைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் சந்தின் மஞ்சள் பூனை நான்கு ஆண்டுகளாக ஆறு வீடுகளில் சாப்பிடுகிறது. ஆறு வீட்டிலும் ஆறு பெயர். பிப்ரவரியில் அதன் மூக்கில் புண் வந்தது. நான் வெறுங்கையால் உப்புநீர் வைத்துத் துடைக்கப்போக, என் வலது சுட்டுவிரலைக் கீறிவிட்டது. தவறு என்னுடையது.

2. இரண்டு வாரத்தில் விரல் புண்ணாகி, முழங்கை வரை வரிசையாகக் கட்டிகள் எழும்பின. தோட்டக்காரர்களுக்கு வரும் ரோஜாமுள் நோய் என்றார்கள். என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் ரோஜா. அதற்கு முள் கிடையாது. சுகாதார நிலைய மருத்துவர்தான் பூனையின் நகத்திலிருந்து வந்த பூஞ்சை என்று கண்டுபிடித்தார். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது என்று அவர் சொல்லியும், வாடிக்கையாளர்கள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்கள். மிகவும் வலித்தது. நான்கு மாத மருந்துக்குப் பின் இப்போது ஒரே ஒரு கட்டிதான் மிச்சம். போன வாரம் மீண்டும் தொழிலைத் தொடங்கிவிட்டேன்.

3. தங்கள் நிலைய மருத்துவர் இரக்கப்பட்டுப் பூனைக்கும் மாத்திரை கொடுத்தார். துணி துவைக்கும் அறையில் அடைத்து, கையுறை போட்டு, மத்தி மீனுக்குள் ஒளித்துக் கொடுக்கிறேன். மூக்கு காய்ந்துவிட்டது. ஆனால் புண் ஆறிய பிறகும் ஒரு மாதம் மருந்து தர வேண்டும், பாதியில் விட்டால் திரும்ப வரும் என்பது அவர் சொன்னதே. மாத்திரை வெள்ளிக்கிழமை வரைதான் இருக்கிறது.

4. மறுபடி வாங்க வந்தபோது முகப்பில் இருந்தவர், "உரிமையாளர்னு ஒருத்தர் பேரு வேணும்மா. சந்துக்கெல்லாம் மாத்திரை குடுக்க முடியாது" என்று, உரிமையாளர் கட்டம் காலியாக இருந்த படிவத்தைத் திருப்பித் தந்தார். நான் வாடகைக்கு இருப்பவள். முகவரிச் சான்றாகக் கேட்கும் மின்ரசீது என் பெயரில் இல்லை. பூனைக்குச் சோறு வைக்கும் மற்ற வீட்டார், நாளை பூனை யாரையாவது கீறினால் தம் தலையில் விழும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

5. பூனையைப் பிடித்துச் செல்லச் சொல்லிப் புகார் கொடுத்தவர் எதிர்வீட்டு வால்தொமீரு ஐயா, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம். சிறு தொற்றும் ஆபத்து. அவருடைய பயம் நியாயமானது. ஆறிய பூனையால் ஆபத்தில்லை, ஆறாமல் விரட்டிய பூனைதான் முற்றம் முற்றமாக நோயைக் கொண்டுபோகும் என்று அவரிடம் விளக்கினேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

6. நேற்றுக் காலை மின்ரசீதோடு வந்தார். "எனக்குப் பூனையே ஆகாது. ஆனா அரைகுறையா விட்டா என் வீட்டுக்காரிக்குத்தான் கேடு. குடு அந்தப் படிவத்த" என்று நின்றபடியே நிரப்பிக் கையெழுத்திட்டார்.

ஆகவே இணைத்துள்ள படிவத்தை ஏற்று வெள்ளிக்கிழமைக்குள் மாத்திரை வழங்குமாறும், அவருடைய பழைய புகாரை அவர் சம்மதத்துடன் முடித்து வைக்குமாறும் வேண்டுகிறேன்.

விலங்கின் பெயர் என்ற கட்டத்தில் அவர் 'சாய் தாயீ' என்று எழுதியிருக்கிறார். 'போ அந்தப் பக்கம்' என்று நான்கு ஆண்டுகளாக அவர் அதை விரட்டிய சொல் அது. பிழையென்று திருத்திவிட வேண்டாம். ஆறு பெயர் இருந்தும், பூனை திரும்பிப் பார்ப்பது அந்த ஒன்றுக்குத்தான்.

இடம்: வீலா லிமோயெய்ரு
நாள்: ஜூலை 9

இப்படிக்கு,
ஜுசேலியா பார்செலோஸ்
(வலது கையால் ஒப்பமிட்டது)