பலகையைத் தூக்க மாட்டேன்

5.3.1961, ஞாயிறு
காலையில் மூட்டம், பத்து மணிக்குத்தான் வெயில். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பதினொரு பேர். தொழிற்சாலையில் அடுப்பு பார்க்கும் செல்லையா போன வாரம் கேட்டதற்குப் பதில் சொல்ல ஏற்பாடு. “அணுவ யாருங்க கண்ணால பாத்தாங்க?”

யாரும் பார்க்கவில்லை. எதையாவது எறிந்து, அது எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்த்துத்தான் அறிந்தார்கள்.

வேண்டியவை: பலகை, அதன் அடியில் நடுவே ஒட்டிய மரத்துண்டு, உருட்டத் தேயிலை விதை, அது ஓடிய வழியைக் கோடிட வெண்கட்டி. பலகையைத் தூக்காமல், விதை திரும்பும் விதத்தை வைத்தே துண்டின் வடிவத்தைச் சொல்ல வேண்டும்.

முதலில் “வடை” என்றாள் கொழுந்தெடுக்கும் மாரியாயி. ஐம்பது விதைக்குப் பிறகு: “இந்தப் பக்கம் உருட்டுனா நேரா திரும்புது. அந்தப் பக்கம் ரெண்டா பிரிஞ்சு ஓடுது. மூணு மூலைங்க ஐயா!”

செல்லையா: “பசி அடங்கிருச்சு போல.”

தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் வந்தார். “என்ன கூட்டம்? அடியில என்ன, தொழிற்சங்கத்துக் காகிதமா? தூக்குங்க.”

“முடியாதுங்க.” என் குரல்தானா? “அணுவைத் தூக்கிப் பார்க்க வழியில்லை. தூக்கினால் பாடம் போச்சு.”

அவர் குனிந்தார். மாரியாயி பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு வீடு, தொர தயவுல குடுத்தது. ஞாபகம் இருக்கட்டும்.”

6.3, திங்கள்
தூக்கம் இல்லை. என் பிழைகள்:
1. மடுவத்துக்கு அனுமதி கேட்கவில்லை.
2. விதை ஒரே வழியில் ஓடும். அணுவின் மேல் எறியும் எலக்ட்ரான் அலையாகப் பரவும். ஒன்று எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆயிரம் போனால் எந்தக் கோணத்தில் எத்தனை என்று கணிக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டேன்.
இரண்டாவதுதான் பெரிது.

7.3, செவ்வாய்
மழை. வலது முழங்காலில் வலி. அலுவலகக் கடிதம்: பலகையைக் கொண்டுவந்து புரட்டிக் காட்டி மன்னிப்பு எழுதித் தர வேண்டும், இல்லையேல் மாத முடிவில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மன்னிப்பு மூன்று முறை எழுதினேன். நல்ல கையெழுத்து. மூன்றையும் கிழித்தேன்.

8.3, புதன்
பதில் கொடுத்தாயிற்று. மடுவத்துக்கு வருத்தம், பலகைக்கு இல்லை.

பெரிய கிளாக்கர்: “வயசான காலத்துல எங்க போவீங்க?”

“தெரியாதுங்க.” உண்மையிலேயே தெரியாது. பூண்டுலோயாவில் மைத்துனர் இருக்கிறார், கேட்கக் கூச்சம்.

வெளியே வந்து அலுவலகக் கதவிலேயே ஒரு தாள் ஒட்டினேன். ‘ஞாயிறு பத்து மணி. தோட்டத்து எல்லைக்கு வெளியே, அரசாங்க வீதியோரம். பாடம்: அலை எப்படிச் சிதறும். எல்லாரும் வரலாம்.’

தாள் கோணல்.